பெயர் பெற்ற ஓணானும் பெயர் பெறாத மனிதனும்

சபரகமுவ மாகாணத்தின் தென்கிழக்கு எல்லையில் நிற்கிறது எம்பிலிப்பிட்டிய. ஊருக்கு வடமேற்கே இறக்குவானை மலைகள். அங்கே தேயிலைத் தோட்டங்களும், அவற்றுக்கு அப்பால் சிங்கராஜ வனத்தின் கீழ்த்திசைக் காடுகளும் உள்ளன. தெற்கே வளவை கங்கை இறங்கி அம்பாந்தோட்டைக் கரையை நாடிச் செல்லும் சமவெளி. மலையில் ஆண்டு முழுவதும் ஈரம்; சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி வெயில். காலையில் மழைக்காட்டின் ஓரத்தில் பஸ் ஏறியவன், மாலைக்குள் முட்புதர்களும் உப்பங்கழிகளும் மணற்றிடல்களும் நிறைந்த கடற்கரையில் இறங்கிவிடலாம்.

இவ்விரு நிலங்களிலும் வாழும் ஓர் எளிய பிராணியின் சரித்திரத்தை இக்கட்டுரையில் ஆராய விரும்புகின்றோம். நாம் அதை ஓணான் என்கிறோம். சிங்கள மக்கள் கட்டுஸ்ஸா என்கின்றனர். சிறுவர் கல்லெறிந்து விரட்டும் பிராணி அது. பெரியவர் ஏறிட்டும் பாராத பிராணி. மன்னர்களின் போர்களையும் மகான்களின் பிறப்பையும் சரித்திரமென்று கற்பிக்கும் நமது வகுப்பறைகளில் இதற்கு இடமில்லை. ஆயினும், ஓர் ஓணான் 'புதிய இனம்' எனக் கண்டறியப்பட்டு, வகைப்படுத்தப்பட்டு, பெயர் பெற்ற வரலாற்றை ஊன்றிப் படிப்போமாயின், விஞ்ஞானம் எவ்வாறு உழைக்கிறது, ஆதிக்கம் எவ்வாறு பெயர் சூட்டுகிறது, உண்மையின் முன் பெயர்ச்சீட்டு எவ்வாறு தலைவணங்க வேண்டும் என்பவற்றை ஒருங்கே அறியலாம்.

பாலையும் ஓந்தியும்

நமது தீவில் மணற்கடலான பாலைவனம் கிடையாது. ஆனால் தமிழர் கண்ட பாலை மணற்கடலன்று. குறிஞ்சியும் முல்லையும் மழையிழந்து, வெம்மையுற்று, தம் இயல்பு திரியும்போது தோன்றுவதே பாலை என்பது நமது முன்னோர் கருத்து. அவ்வகையில் பார்த்தால், மாதக்கணக்கில் மழை காணாத மன்னார்க் கரையும் அம்பாந்தோட்டைக் கரையும் பாலையின் சாயல் கொண்ட நிலங்களே.

சங்கப் புலவர்கள் பாலையைப் பாடியபோது ஓணானை மறந்தார்களில்லை. ஓதி என்றும் ஓந்தி என்றும் அவர்கள் அதனைக் குறித்தனர். வெயிற் காலத்து மரக்கிளையில் அது அமர்ந்திருக்கும் கோலம் அவர்களுடைய கண்ணிற் பட்டது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கிக் காட்டும் முயற்சி தொல்காப்பியத்து மரபியலில் உண்டு. ஆகவே, இயற்கையை உற்று நோக்கவும் வகைப்படுத்தவும் ஐரோப்பியர் வந்து நமக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது என்று சொல்வது பொருந்தாது.

எனினும், பழம் பெருமையில் மயங்கி நின்றுவிடுவதும் தகாது. ஓந்தி என்பது ஒரு பொதுப் பெயர். புதுச்சேரி மணலில் ஓடும் ஓணானும் யாழ்ப்பாணத்துப் பனங்காட்டு ஓணானும் இறக்குவானைக் காட்டு ஓணானும் ஒன்றா, வேறா என்ற வினா அப்பெயரினுள் எழவில்லை. அவ்வினாவுக்கு விடை காணப் பிடித்துப் பார்க்கவேண்டும், அளந்து பார்க்கவேண்டும், ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிவைக்க வேண்டும், எழுதியதை மற்றொருவர் சரிபார்க்க வழி விடவேண்டும். இந்தக் கூட்டுழைப்பையே விஞ்ஞானம் என்கிறோம்.

பாரிசில் பிறந்த பெயர்

சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ் 1758 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இயற்கையின் ஒழுங்கமைப்பு' என்ற நூலின் பத்தாம் பதிப்பே விலங்குகளின் விஞ்ஞானப் பெயர்களுக்குத் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்களாலான பெயர்: முதற்சொல் அதன் சாதியைக் குறிக்கும், இரண்டாவது சொல் இனத்தைக் குறிக்கும். பின்வந்தோர் இதற்கு இன்னுமொரு விதியைச் சேர்த்தனர். பெயர் காற்றில் மிதக்கலாகாது. ஒரு குறிப்பிட்ட உடலோடு அது பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் பிடித்த இந்த ஓர் உடலே இப்பெயருக்குரியது என்று காட்டி, அதனை நூதனசாலையில் மதுசாரத்தில் இட்டுப் பாதுகாக்கவேண்டும். அதற்கு மூலமாதிரி என்று பெயர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் நூலைக் கேட்பதில்லை. அந்த உடலையே கேட்பார்கள்.

1829 ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து மாபெரும் விலங்கியலறிஞர் ஜோர்ஜ் குவியே, 'விலங்கு இராச்சியம்' என்ற தமது நூலின் இரண்டாம் பதிப்பில், ஒரு சிறு ஓணானுக்குச் சிதானா பொன்டிசெரியானா என்று பெயரிட்டார். இரண்டாவது சொல்லில் ஒலிப்பது நமது பாண்டிச்சேரியே. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த அவ்வூரிலிருந்து பாரிசுக்குக் கப்பலேறிய உடலே அப்பெயருக்கு ஆதாரம். அதைப் புதர்களிடையே துரத்திப் பிடித்த கை யாருடையது என்பதைப் பெயர் சொல்லாது. ஊரின் பெயர் நின்றது. உழைத்தவனின் பெயர் நிற்கவில்லை.

இந்த ஓணான் வியப்புக்குரியது. சாதாரண ஓணானின் பின்னங்காலில் ஐந்து விரல்கள், இதற்கு நான்கே. வெயிலில் கொதிக்கும் மணலில் வேகமாக ஓடும்போது முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு கால்களால் ஓடும். ஆணின் தொண்டையின் கீழ் ஒரு தோல் மடிப்பு உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, அம்மடிப்பை விசிறிபோல் விரித்துச் சுருக்கும். வறண்டு வெளுத்த நிலத்தில் பெண்ணை அழைக்கவும் பிற ஆணை எச்சரிக்கவும் அதுவே அதன் மொழி. எனவே தமிழில் அதனை விசிறித்தொண்டை ஓணான் என்கின்றனர்.

பாண்டிச்சேரி ஓணானுக்கு இட்ட அந்தப் பெயர் காலப்போக்கில் இந்தியத் துணைக்கண்டத்தின் வறள்நிலங்கள் பலவற்றையும், கடல் கடந்து இலங்கையின் உலர் வலயத்தையும் மூடிக்கொண்டது. பிரித்தானிய நூதனசாலையின் பூலெஞ்சர் 1890 இலும், மல்கம் ஸ்மித் 1935 இலும் தொகுத்த பெருநூல்கள் அந்தப் போக்கை உறுதி செய்தன. ஒரு பேரரசின் வரைபடத்தில் பல நாடுகள் ஒரே சிவப்பு நிறத்தில் தீட்டப்பட்டதைப்போல, பல உயிர்கள் ஒரே பெயரின்கீழ் அடங்கின. இவ்வறிஞர்களின் உழைப்பைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவர்கள் கையிலிருந்த உடல்கள் சில, நிலமோ பெரிது. பழைய பெயரைச் சந்தேகிக்கும் கண்கள் உருவாக நெடுங்காலம் தேவைப்பட்டது.

மலையில் மூக்கிற் கொம்பு முளைத்த ஓணான்

சமவெளியின் கதையை இங்கே நிறுத்தி, எம்பிலிப்பிட்டியவிலிருந்து மலையேறுவோம். ஏனெனில் ஓணானுக்குப் பெயர் வைத்தவர்கள் யார், எத்தகைய காலத்தில் வைத்தார்கள் என்பதை மலைக்கதையே தெளிவாகக் காட்டுகிறது.

மூக்கின் நுனியில் கொம்புடைய ஓணான்கள் இலங்கைக்கே உரியவை. செரட்டோபோரா என்ற அச்சாதியை 1830-களில் லண்டனில் ஜோன் எட்வர்ட் கிரே நிறுவினார். 1861 இல் அல்பர்ட் குந்தர் அதில் இன்னோரினத்தைக் கண்டு, அதற்கு ஜேம்ஸ் எமர்சன் டெனன்டின் பெயரைச் சூட்டினார். யார் இந்த டெனன்ட்? 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். இத்தீவின் இயற்கை பற்றிச் சுவையான நூல்கள் எழுதியவர். அவருடைய நிர்வாகக் காலத்திலேதான் புதிய வரிகளுக்கு எதிராக 1848 இல் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி துப்பாக்கியால் அடக்கப்பட்டது.

அதே காலத்தில்தான் மலைக்காடுகள் கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டன. கொம்பு ஓணான் வாழ்ந்த காடு, அதற்குப் பெயர் கிடைப்பதற்கு முன்பே சாம்பலாகிக்கொண்டிருந்தது. அக்காட்டை வெட்டியவர்கள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் விரட்ட வந்த நமது மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த அவர்களில் ஆயிரக்கணக்கானோர் கொலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியோரத்தில் மடிந்தனர். லண்டனுக்குச் சென்ற ஓணானின் காலில் ஓர் இலக்கச்சீட்டு கட்டப்பட்டது. எங்கே பிடிபட்டது என்று எழுதப்பட்டது. வடபாதையில் வீழ்ந்தவனுக்கு அந்தச் சீட்டும் இல்லை. ஓணானைப் போற்றியது குற்றமன்று. மனிதனை அந்த அளவுகூடக் கணக்கெடாத சமுதாயமே குற்றவாளி.

வகைப்படுத்தும் கலை வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கும் அக்காலமே சான்று. 1869 இல், கோப்பி இலைகளில் செம்மஞ்சட் புள்ளிகளாகப் படர்ந்த ஒரு நுண்ணிய பூஞ்சணம் ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்டது. பெயரின் இரண்டாவது சொல்லுக்கு 'பாழாக்குவது' என்று பொருள். அடுத்த இருபதாண்டுகளுக்குள் அது கோப்பித் தொழிலைப் பாழாக்கியது. தேயிலை வந்தது, சபரகமுவ மலைகளின் முகமும் மாறியது.

இந்த வரலாற்றில் இலங்கை மண்ணின் மைந்தர்கள் இல்லாமலில்லை. இங்கே பிறந்த வைத்தியர் கெலார்ட் 1852 இல் இலங்கை விலங்குகள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1877 இல் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல, ஊர்வனவற்றைப் படங்களோடு தொகுத்த நூலை 1953 இல் வெளியிட்டார். மூலமாதிரிகளைத் தேடி லண்டனுக்கும் பாரிசுக்கும் செல்லவேண்டியிருந்த நாட்டில், உள்ளூரிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இவ்வாறு மெல்ல மெல்ல உருவாயிற்று.

அதன் பலன் 1998 இல் இறக்குவானையிற் கிடைத்தது. மோர்னிங்சைட் என்ற பெயரே அதன் சரித்திரத்தைச் சொல்லும்: அது ஒரு துரைத்தோட்டத்தின் பெயர். காட்டுமரங்களின் நிழலில் ஏலக்காய் பயிரிடப்பட்ட அந்த மலைப்பகுதியிலிருந்து கொம்பு ஓணானின் இரண்டு புதிய இனங்களை ரொஹான் பெத்தியாகொடவும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் விபரித்தனர். இவ்விரண்டின் கொம்பும் பிறவற்றினதைப்போல் ஓங்கி வளர்ந்ததன்று. மிகச் சிறியது, சிலவற்றில் இல்லையென்றே சொல்லலாம். ஓர் இனத்துக்கு ஜெர்மானிய அறிஞர் எர்டலனின் பெயர் கிடைத்தது. மற்றதன் பெயர் செரட்டோபோரா கரு. தேசிய நூதனசாலையில் ஆயுளெல்லாம் உழைத்த கருணாரத்ன என்ற இயற்கையியலாளரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. டெனன்ட் என்ற ஆட்சியாளரிலிருந்து கரு என்ற ஊழியர் வரை, 137 ஆண்டுகளில் பெயர் நடந்து வந்த தூரத்தை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஒன்று பலவான வரலாறு

இனி மீண்டும் சமவெளிக்கு இறங்குவோம். இலங்கையின் விசிறித்தொண்டை ஓணான் உண்மையிலேயே பாண்டிச்சேரி ஓணான்தானா? கேள்வி எளிது, விடை எளிதன்று. இலங்கை ஓணான் வேறென்று காட்டவேண்டுமாயின், பாண்டிச்சேரி ஓணான் எது என்பதை முதலில் ஐயமற நிறுவவேண்டும். அதற்கு 1829 இல் குவியே கண்ட உடலிடமே திரும்பிச் செல்லவேண்டும். ஆகவே இலங்கை ஆய்வாளர்களான அமரசிங்க, கருணாரத்ன முதலியோரும் பாரிஸ் நூதனசாலையைச் சேர்ந்த ஐவான் இனேக்கும் கூடி உழைத்தனர். உடலின் நடுப்பகுதியைச் சுற்றியுள்ள செதில்கள் எத்தனை, அவற்றில் வரம்பு உண்டா, காலின் நீளம் என்ன, விசிறி மார்பில் எதுவரை நீள்கிறது என்று ஒவ்வோர் உடலிலும் எண்ணி, அளந்து, ஒப்பிட்டு நோக்குவதே இத்துறையின் வேலை. களத்தில் ஒரு நாள் ஓடினால், உருப்பெருக்கிக் கண்ணாடியின் முன் பல நாள் அமரவேண்டும்.

2015 இல் முடிவு வெளிவந்தது. இலங்கையின் விசிறித்தொண்டை ஓணான் பாண்டிச்சேரி இனமன்று. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தென்கிழக்கே யால, புந்தல முதலிய கரையோர வறள்நிலங்களுக்குரியது. எம்பிலிப்பிட்டியவிலிருந்து கங்கையோடு இறங்கினால் நாம் அடையும் நிலம் அது. அதற்குச் சிதானா பாஹிரி என்று பெயர். மற்றது வடபகுதிக் கரைகளுக்குரியது. சிதானா தேவகாய் என்பது அதன் பெயர். முன்னது முகமது பாஹிர் என்ற இலங்கை ஆய்வாளரையும், பின்னது பேராசிரியர் தேவக வீரக்கோனையும் நினைவுகூர்வது. அந்தப் பாஹிர்தான், சிதானாவுக்கு நெருங்கிய உறவான ஒட்டோகிரிப்டிஸ் என்ற ஓணானில் உலர் வலயத்தது வேறினம் என்பதைச் சில்வா என்பவருடன் சேர்ந்து 2005 இல் காட்டியவர். பிறருக்குப் பெயர் கொடுத்து உழைத்தவரே பின்னர் ஒரு பெயராக நின்றார்.

மறு கரையிலும் அதே வேலை நடந்தது. 2016 இல் தீபக் முதலிய ஆய்வாளர்கள் இந்தியத் தீபகற்பத்துச் சிதானாக்களை அணுக்கூறுகளின் வழியும் ஆராய்ந்து, புதிய சாதியொன்றையும் ஐந்து புதிய இனங்களையும் அறிவித்தனர். அவற்றில் ஒன்றுக்குச் சிதானா விசிரி என்று பெயர். நமது பனையோலை விசிறியேதான். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து அறிவிக்கப்பட்ட மற்றோரினம் சிதானா மருதம்நெய்தல். வயலும் கடற்கரையும் அதன் வாழிடம். ஆதலால் ஐந்திணையிலிருந்து இரண்டு திணைகள் அதன் பெயராயின. உலகம் முழுவதும் விலங்கியலார் எழுதும் ஏட்டில் மருதம், நெய்தல் என்ற சொற்கள் ஏறிவிட்டன. தமிழார்வம் மேடைகளில் முழங்கிக்கொண்டிருக்க, ஓணான் பிடித்த இளைஞர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு இது.

இவை ஏன் பலவாயின? 2018 இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விடை தேடியது. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை நீண்ட மயோசீன் ஊழியின் பிற்பகுதியில் தீபகற்பம் வறண்டது, காடு சுருங்கியது, திறந்த வறள்நிலம் பரவியது. அந்த வறட்சியே விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகிப் பிரிவதற்குத் தூண்டுகோலாயிற்று என்பது அவ்வாய்வின் கருத்து. குறிஞ்சியும் முல்லையும் திரிந்து பாலையாகும்போது அழிவு மட்டும் நிகழ்வதில்லை. புதிய வாழ்க்கையும் பிறக்கிறது.

அப்படியாயின் இலங்கை பலமுறை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்ததே என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பனியூழிகளில் கடல் தாழ்ந்தபோதெல்லாம் பாக்கு நீரிணை தரையாயிற்று. கடைசி இணைப்பு அறுந்து பத்தாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆயினும், பாதை இருந்ததனால் மட்டும் பயணம் நடந்ததாகாது. இலங்கையின் உயிர்களில் பல, பாலம் இருந்த காலத்திலும் தனித்தே வளர்ந்தன என்பதை 2004 இல் வெளியான ஒரு பெரும் ஒப்பீட்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. வரைபடத்தின் அருகாமையை வைத்து உயிரின் வரலாற்றை ஊகிக்கலாகாது.

கேகாலை மாவட்டமும் இதில் பின்தங்கவில்லை. சல்கல என்ற தாழ்நிலக் காட்டிலிருந்து, 1864 முதல் வேறொரு பெயரில் அடங்கிக் கிடந்த கொம்பு ஓணான் ஒன்று, 2020 இல் செரட்டோபோரா உகுவேலாய் என்ற தனியினமாக அறிவிக்கப்பட்டது. கதை ஒன்றே: தூரத்திலிருந்து பார்த்தவருக்கு ஒன்றாகத் தெரிந்தது, அருகிருந்து பார்த்தவருக்குப் பலவாகத் தெரிந்தது.

மனிதனுக்கு ஒட்டிய சீட்டு

நமது நாட்டுத் தமிழ் விலங்கியற் பாடநூல்களில் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று வகைப்பாட்டின் படிகள் வரும். வருணம், சாதி, இனம்! மனிதரைப் பிரிப்பதற்கு நமது சமுதாயம் வைத்திருந்த சொற்களையே கலைச்சொல்லாக்கியோர் விலங்குகளுக்கு எடுத்துக் கொடுத்தனர். விலங்கியலில் அச்சொற்கள் குற்றமற்றவை. அவை அங்கிருந்து மனிதரிடம் திரும்பும்போதே நஞ்சாகின்றன.

லின்னேயஸே அத்தவற்றைச் செய்தார். அதே 1758 ஆம் ஆண்டு நூலில் மனிதரை நான்கு கண்டங்களின்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் குணத்தையும் கற்பித்தார். ஐரோப்பியனுக்கு அறிவு, ஆபிரிக்கனுக்குச் சோம்பல் என்பது போல. அடிமை வாணிபத்தின் நூற்றாண்டு அது. விஞ்ஞானம் பின்னர் அப்பிரிவைக் குப்பையில் எறிந்தது. உலகில் வாழும் மனிதரெல்லாம் ஒரே இனம் என்பதே நிலைநின்ற முடிவு. ஆகவே ஓணான்கள் இரண்டினமாயின என்பதைக் கொண்டு, மனிதரையும் அப்படிப் பிரிக்கலாம் என்று எவரேனும் வாதாடினால் அவர் விலங்கியலையும் அறியார், மனிதரையும் அறியார்.

ஆனால் வேறொரு பாடம் இங்கே உண்டு. சிதானா ஓணானுக்கு ஒட்டிய சீட்டு 'பாண்டிச்சேரி' என்றது. ஓணானோ இந்த மண்ணில் வாழ்ந்தது. உண்மை வெளிப்பட்டதும் விஞ்ஞானம் சீட்டை மாற்றியது. ஓணானைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு நடந்தது என்ன? 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரு நிரல்களைப் பிரித்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தாய் என்பது போதாது, உன் தந்தை இங்கே பிறந்தாரென்று காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பே ஒழுங்காகப் பதியப்படாத காலத்தில் பூட்டனின் பத்திரத்துக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. கொழுந்து பறித்த கை, கவ்வாத்து வெட்டிய கை, வாக்குச்சீட்டைத் தொடக்கூடாத கையாயிற்று.

1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கணக்குப் போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். இரண்டு நாடுகளும் பேசின. அந்த மனிதரை எவரும் கேட்கவில்லை. 1948 இல் பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்தவர்கள் இடதுசாரிகள் என்பது பெருமைக்குரியது. 1964 இல் அவர்களில் ஒரு பகுதியினர் அரசில் அமர்ந்திருந்தபோதே அவ்வொப்பந்தம் கையெழுத்தாயிற்று என்பதையும் நாம் மறைக்கலாகாது. 1988 இலும் இறுதியாக 2003 இலும் வந்த சட்டங்களே நாடற்றோர் என்ற சீட்டைக் கிழித்தன. சீட்டு ஒட்டிய நாளிலிருந்து கிழித்த நாள் வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள். இரண்டு தலைமுறைகளின் வாழ்வு.

விஞ்ஞானம் உயிரைப் பார்த்துச் சீட்டைத் திருத்தியது. ஆட்சி சீட்டைப் பார்த்து உயிரைத் திருத்த முயன்றது. இந்த வேறுபாடே இக்கட்டுரையின் சாரம்.

பெயர் தரும் காவல்

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பர். சட்டம் பெயரைத்தான் காக்கிறது. 2010-களில் நமது கொம்பு ஓணான்கள் வெளிநாட்டுச் செல்வரின் கண்ணாடிப் பெட்டிகளுக்காகக் களவாகக் கடத்தப்பட்டன. 2019 இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு, எர்டலனி, கரு, டெனன்ட்டி ஆகிய மூன்றையும் வாணிபம் தடைசெய்யப்பட்ட உயிர்களின் முதற் பட்டியலில் சேர்த்தது. 1998 இல் பெயர் பெற்றிராவிட்டால், இறக்குவானை ஓணான்கள் அப்பட்டியலில் ஏறியிருக்க முடியுமா? பெயரற்றது தொலைந்தால் தொலைந்தது என்றுகூட எவரும் எழுதமாட்டார். பிறப்புப் பதிவில்லாத தோட்டப் பிள்ளையின் நிலையும் அதுவாகவே இருந்தது.

ஆயினும் பெயர் சூட்டுவதோடு கடமை முடிந்துவிடவில்லை. கரு என்ற ஓணான் இன்று அழிவின் விளிம்பில் நிற்பதாகவே கணிக்கப்பட்டுள்ளது. அதன் உலகமே மோர்னிங்சைட்டைச் சுற்றிய சிறு காடுதான். பெயர் சூட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2019 இல் அறிவிக்கப்பட்ட சிறு பல்லியினங்கள் சிலவற்றுக்கு, 1818 ஊவா–வெல்லச எழுச்சியில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்ற கிவுலேகெதர, கொஹுகும்புர, பூட்டேவ முதலிய வீரர்களின் பெயர்கள் இடப்பட்டன. துரைமாரின் பெயர் நின்ற இடத்தில் போராளிகளின் பெயர் நிற்பதை வரவேற்கின்றோம். அந்த வரிசையில் காட்டை வெட்டிப் பாதை போட்டு மடிந்த மக்களுக்கும், களத்தில் வழிகாட்டும் கிராமத்தவருக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு நாள் இடம் கிடைக்கவேண்டும் என்றும் விரும்புகின்றோம்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய பங்கு யாது? ஓணானைப் பிடித்துப் புட்டியிலடைப்பதன்று. 1937 முதல் நடைமுறையிலுள்ள வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி அவ்வாறு செய்வது குற்றமாகும். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். இடம், நாள், நேரம், கண்டவர் பெயர், கண்டது என்ன: இந்த ஐந்தையும் எழுதும் பழக்கத்தை எம்பிலிப்பிட்டியவிலும் இறக்குவானைத் தோட்டப் பாடசாலைகளிலும் தொடங்கலாம். ஈர வலயமும் உலர் வலயமும் கைகோக்கும் இந்த எல்லைநிலத்தைப்போல் மாணவருக்கு வாய்த்த ஆய்வுக்கூடம் வேறொன்றில்லை. கண்டவர் பெயர் என்ற அந்த நிரலை மட்டும் வெறுமையாக விட்டுவிடலாகாது. பாண்டிச்சேரி ஓணானைப் பிடித்தவனின் பெயரைச் சரித்திரம் விட்டுவிட்டது. லயத்துப் பிள்ளையொன்று நாளை எழுதும் குறிப்பில் அந்தப் பிள்ளையின் பெயர் முழுமையாக இருக்கட்டும்.